தலையணையில் ஒரு மஞ்சள்

மஞ்சள்தான், அதில் சந்தேகமில்லை, பச்சை சாய்ந்த மஞ்சளா சிவப்பு சாய்ந்த மஞ்சளா என்பதுதான் தெரியவில்லை. இந்த ஆஸ்பத்திரி ஜன்னலுக்குப் பச்சைத் திரை போட்டவன் யாரோ அவனைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்க வேண்டும், பச்சைத் திரை வழியாக வரும் வெளிச்சத்தில் எந்த நிறத்தையும் நம்ப முடியாது. கண் விழித்தபோது மூக்குக்கு நேர் எதிரே இருந்தது. வெள்ளை உறையில், உள்ளங்கை அகலத்துக்கு, நடுவில் அடர்ந்து ஓரத்தில் மங்கி. முகர்ந்து பார்த்தேன், ஒரு வாடையும் தெரியவில்லை, நேற்றுச் சாயங்காலம் மூக்குக்குள் அடைத்திருந்த துணியை உருவி எடுத்த பிறகும் உள்ளே பழைய ரத்த வாடையைத் தவிர வேறெதுவும் ஏறுவதில்லை. விரலால் தொட்டேன். ஈரம் இருந்தது. உடனே தலையை அரையடி தூக்கித் தலையணையை அடிப்பக்கம் மேலே வரும்படி புரட்டிப் போட்டுவிட்டேன், யோசித்துச் செய்ததல்ல, கை தானாகச் செய்தது. தலையைத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். தும்மக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது, கக்கூஸில் முக்கக் கூடாது, இருமல் வந்தால் வாயைத் திறந்து இரும வேண்டும். முந்தாநாள்தான் மூக்கு வழியாகவே உள்ளே போய், நெற்றி எலும்புக்குப் பின்னால் மூளையைத் தாங்கும் தளத்தில் இருந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். அடைத்தோம் என்று சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை. மயக்கத்தில் கிடக்கிறவனிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

அந்த மஞ்சளைப் பற்றி டாக்டர் நஸீமாதான் முன்கூட்டியே சொன்னார். ஓட்டை ரொம்பச் சின்னது, கண்ணுக்குத் தெரியாது, அதனால் முதுகுத் தண்டு வழியாக ஒரு சாயம் ஏற்றுவோம், அது மூளையைச் சுற்றியிருக்கும் நீரில் கலந்து ஓட்டை வழியாக ஒழுகும், பச்சையும் மஞ்சளுமாக மின்னும், எங்கே மின்னுகிறதோ அங்கே ஒட்டுப் போடுவோம். எனக்குச் சிரிப்பு வந்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கிறவன் நான், வாழ்நாளெல்லாம் துணிக்குச் சாயம் ஏறியிருக்கிறதா என்று பார்த்தவனுடைய மண்டைக்கே சாயம் ஏற்றப் போகிறார்கள். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷன் முடிந்து நேற்று முழுக்க மூத்திரம் மஞ்சள்பச்சையாகப் போனது, அது அப்படித்தான் போகும், உடம்பில் கலந்த சாயம் வெளியேறுகிறது என்றார்கள். சரி, மூத்திரத்தில் போகட்டும். தலையணையில் ஏன் வருகிறது? மூக்கிலிருந்து ஒழுகினால்தான் தலையணைக்கு வரும். ஒழுகினால் ஒட்டு விட்டுப்போயிற்று என்று அர்த்தம். இதற்கு டாக்டர் படிப்பு தேவையில்லை.

எல்லாம் அந்த வேகத்தடையால் வந்தது. வெள்ளைக் கோடு போடாத வேகத்தடை, மொபெட் தூக்கி எறிந்தது, நெற்றி போய்க் கல்லில் இடித்தது, தையல் போட்டார்கள், ஆறிவிட்டது, மறந்துவிட்டேன். மாதங்கள் கழித்து ஒருநாள் மேசையில் சாம்பிள் துணியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. சளி இல்லை. கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவு. அதுவும் வலது மூக்கில் மட்டும். சளி பிடித்தால் இரண்டு மூக்கும் ஒழுகுமே, இது ஏன் ஒன்றில் மட்டும் என்று அன்றைக்கே சந்தேகப்பட்டேன். எங்கள் தெரு டாக்டர் சளி மாத்திரை கொடுத்தார். மாத்திரையையும் சந்தேகப்பட்டேன், ஆனால் சாப்பிட்டேன். தொண்டைக்குள் உப்பும் இனிப்புமாக ஏதோ இறங்கிக்கொண்டே இருந்தது. குனிந்தால் சொட்டும், நிமிர்ந்தால் தொண்டையில் இறங்கும். ஒரு காய்ச்சல் வந்தது, கழுத்தைத் திருப்ப முடியவில்லை, கோயம்புத்தூருக்குக் கொண்டு வந்தார்கள், மூளைக்காய்ச்சல் என்றார்கள். அதிலிருந்து பிழைத்த பிறகுதான் இந்த ஓட்டையையே கண்டுபிடித்தார்கள். மறுபடி ஒருமுறை அது வந்தால் தாங்காது என்று டாக்டர் நஸீமா சொன்னபோது ருக்குமணி என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. அதைக் கவனித்து வைத்திருக்கிறேன்.

கவனிப்பது என் தொழில். எந்தத் துணியையும் பின்பக்கம் புரட்டிப் பார்க்காமல் விடமாட்டேன். முன்பக்கம் எல்லாரும் ஒழுங்காகத்தான் காட்டுவார்கள். கறை பட்ட இடத்தை மடிப்புக்கு உள்ளே தள்ளி, நல்ல பக்கத்தை மேலே வைத்து மேசைக்கு அனுப்புகிறவர்கள் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன், பட்டறையில் எனக்குப் பின்னால் ‘சந்தேக மாமா’ என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். இப்போது அதே வேலையை நானே செய்து, கறையை அடியில் தள்ளி அதன் மேல் தலையை வைத்துப் படுத்திருக்கிறேன். கேவலம்தான். ஆனால் வேறென்ன செய்ய? ஓட்டை கொஞ்சம் கீழே இருந்திருந்தால் சுலபம் என்றார் டாக்டர். என்னுடையது நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைக்கு ஒட்டினாற்போல, மேலே, முன்னால், மூலையில். மூக்கு வழியாகப் போகிற கருவி அங்கே வளைந்து திரும்ப வேண்டும், எட்டுவது கஷ்டம், எட்டினாலும் ஒட்டு நிற்பது கஷ்டம். தொடையிலிருந்து கொஞ்சம் கொழுப்பும் சவ்வும் வெட்டி எடுத்து உள்ளே திணித்து, மூக்குச் சுவரிலிருந்து தோலை உரித்து அதன்மேல் போர்த்தியிருக்கிறார்கள். என் தொடை இப்போது என் நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது, யாரிடம் சொன்னால் நம்புவார்கள். இது நிற்காவிட்டால், என்று டாக்டர் கையெழுத்து வாங்கிய அன்றைக்கே விரலால் என் தலைமேல் ஒரு கோடு இழுத்துக் காட்டினார், இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை, இப்படித் திறந்து, முகத்தோலை முன்னால் மடித்து, நெற்றி எலும்பை எடுத்து வைத்துவிட்டு அடைக்க வேண்டிவரும். எடுத்து வைத்துவிட்டு என்றார். எங்கே எடுத்து வைப்பார்கள்? மேசைமேலா? அந்த விரல் போன வழி இன்னும் மண்டையில் குளிர்ச்சியாக இருக்கிறது. பயமாக இருக்கிறது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பப் பயமாக இருக்கிறது. தோலை மடித்த பிறகு அங்கே நான் இருப்பேனா?

அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் காலையில் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். எதற்கு ஸ்கேன் என்று கேட்டேன், சும்மா ஒரு பார்வைக்கு என்றார் ஜெசிந்தா சிஸ்டர். சும்மா யாராவது ஸ்கேன் எடுப்பார்களா? ருக்குமணியைக் கூட வர வேண்டாம், அறையிலேயே இருங்கள் என்று நிறுத்திவிட்டார்கள், அதுவே சரியில்லை, கூட வந்தால் அவள் எதையாவது பார்த்துவிடுவாள் என்பதற்காகத்தானே. திரும்பி வந்தபோது அவள் முகம் கழுவியிருந்தாள். முந்தானை நனைந்திருந்தது. விடிந்ததும் ஒருமுறை முகம் கழுவிப் பொட்டு வைத்தவள், அதற்குள் இன்னொரு தடவை எதற்குக் கழுவ வேண்டும்? பொட்டு கலைந்திருந்தது. நான் இல்லாத நேரத்தில் டாக்டர் வந்திருக்கிறார், வராந்தாவில் வைத்து ஏதோ சொல்லியிருக்கிறார், கேட்டுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு ஒன்றும் நடக்காதவள் மாதிரி நின்றாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. அலுப்பில் தூங்கிப்போனேன். விழித்தால் மஞ்சள்.

மேலுதட்டைத் தொட்டுப் பார்க்கிறேன். காய்ந்திருக்கிறது. இப்போது காய்ந்திருந்தால் போதுமா, தூங்கும்போது ஒழுகியிருக்கலாம். எச்சிலை விழுங்குகிறேன். உப்பு. எச்சில் எப்போதுமே கொஞ்சம் உப்புத்தானே? இல்லை, எச்சிலுக்கு ருசியே கிடையாது. கிடையாது என்று யார் சொன்னது, இத்தனை வயதுக்கு என் எச்சிலை நான் ருசி பார்த்ததே இல்லை. இன்னொரு தடவை விழுங்குகிறேன். இப்போது இனிப்பு. விழுங்க விழுங்க ருசி மாறுகிறது, நாக்கு என்ன கேட்கிறதோ அதைச் சொல்கிறது. மூக்குக்குள் எறும்பு நடக்கிறது. தும்மல். ஐயோ, வேண்டாம். வாயைத் திறந்து மூச்சு விடு, சென்னியப்பா, மூச்சு விடு, தும்மினால் காற்று மேலே அடிக்கும், ஒட்டு பிய்ந்துகொண்டு போகும். கண்ணில் நீர் முட்டுகிறது. போய்விட்டது. போனதா, உள்ளேயே ஒளிந்திருக்கிறதா என்று தெரியவில்லை.

கதவு திறந்தது. ருக்குமணி, கையில் கஞ்சித் தூக்கு.

“ஏனுங்க, முழிச்சுட்டீங்களா? கஞ்சி ஆறிப்போறதுக்குள்ள ரெண்டு வாய் குடிச்சுப்போடுங்க.”

“டாக்டரம்மா உன்றகிட்ட என்ன சொன்னாங்க?”

“எப்பங்க?”

“காலைல. நான் ஸ்கேனுக்குப் போயிருந்தப்ப.”

“அவிய இங்க வரவே இல்லீங்களே. வந்தா உங்குளுகிட்டச் சொல்லமாட்டனா?”

சொல்லமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரியாமல் அவள் செய்கிற காரியங்கள் எத்தனையோ. எனக்குச் சாமி மேல் நம்பிக்கை குறைவு, அதையும் சந்தேகப்படுகிறவன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே சொல்லிவிட்டேன், கயிறு, திருநீறு, தகடு ஒன்றும் எனக்குக் கட்டக் கூடாது, டாக்டரை நம்பி வந்தால் டாக்டரோடு நிற்க வேண்டும் என்று. சரிங்க என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சரிங்க என்று சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது. இப்போது பாருங்கள், கஞ்சியை வைத்துவிட்டு என் தலைமாட்டுக்கு வருகிறாள், போர்வையை இழுத்துவிடுகிற மாதிரி கையைத் தலையணைப் பக்கம் விடுகிறாள், உறையின் ஓரத்தைத் தடவுகிறாள், முகம் மாறுகிறது.

“தலகாணியத் திருப்புனது ஆருங்க?”

“நாந்தான். சூடா இருந்துச்சு. நீ என்னத்தத் தேடறே?”

“ஒண்ணுமில்லீங்க. சும்மா, சரியா இருக்குதான்னு பாத்தேன்.”

ஒண்ணுமில்லை என்கிற வார்த்தையை மட்டும் நான் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை. அவளுக்கு அந்தக் கறை தெரியும். நான் பார்ப்பதற்கு முன்பே பார்த்திருக்கிறாள், அதனால்தான் மறைந்துவிட்டதா என்று தடவுகிறாள். எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் சொல்லக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறார்கள். சத்தம் போடலாமா என்று தோன்றியது. சத்தம் போட்டால் தலைக்குள் அழுத்தம் ஏறும். கோபப்படக்கூட ஒரு மனுஷனுக்கு வழி இல்லை. அவளிடம் சொல்லிவிடலாமா, இப்படி மஞ்சளாக ஒழுகுகிறது ருக்குமணி என்று? சொன்னால் சிஸ்டரிடம் ஓடுவாள். சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டால்? போய், மறுபடி கழுத்து பிடித்து, காய்ச்சல் ஏறி, அன்றைக்கு மாதிரி கண்ணைத் திறந்தால் அவள் முகமே யாரென்று தெரியாமல். அந்த அரை நாள் எனக்கு ஞாபகம் இல்லை. யார் நீங்க என்று அவளைக் கேட்டேனாம். அவள்தான் சொன்னாள், சிரித்துக்கொண்டே சொன்னாள், ஏன் சிரித்தாள் என்று அப்போதும் எனக்குச் சந்தேகம்.

காலடிச் சத்தம். டாக்டர் நஸீமாவும் ஜெசிந்தா சிஸ்டரும்.

“சென்னியப்பன், எப்படி இருக்கீங்க? தொண்டையில உப்பா ஏதாவது இறங்குதா?”

“இல்லீங்க.” பொய்யா நிஜமா என்று எனக்கே தெரியாத ஒரு இல்லீங்க.

“ஸ்கேன் நல்லா இருக்கு. ஒட்டு வெச்ச இடத்திலேயே உட்கார்ந்திருக்கு.” முகத்தைப் பார்த்தேன். சிரித்தார். இதைச் சொல்லும்போது எல்லா டாக்டரும் சிரிக்கத்தான் செய்வார்கள். அதற்குள் சிஸ்டர் கட்டிலைக் கொஞ்சம் நிமிர்த்தி, தலையணையை உருவித் தட்டி, புரட்டிவிட்டார். மஞ்சள் மேலே வந்தது. டாக்டரின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. குனிந்து பார்த்தார், கையுறை மாட்டித் தொட்டுப் பார்த்தார், விளக்கை அணைக்கச் சொல்லி ஒரு சின்ன நீல விளக்கை வாங்கி அடித்தார். கறை எழுந்து மின்னியது. பச்சையும் மஞ்சளுமாக, அவர் சொன்னது போலவே.

“இத்தனை நேரம் அந்தச் சாயம் தங்காது. இருந்தாலும் ரிஸ்க் எடுக்க வேண்டாம். சாப்பாடு குடுத்துட்டீங்களா அம்மா? குடுக்காதீங்க, வெறும் வயித்துல இருக்கட்டும். சிஸ்டர், தியேட்டருக்குச் சொல்லி வைங்க.”

காதிலிருந்து காதுவரை அந்த விரல் மறுபடி போயிற்று. அப்போதுதான் ருக்குமணி, “ஐயோ, வேண்டாங்க டாக்டரம்மா, அது ஒழுகலீங்க, அது மஞ்சளுங்க!” என்று கத்தினாள். உறைக்குள் கையை விட்டு எதையோ இழுத்தாள். ஒரு மஞ்சள் துணி முடிச்சு. பிரித்தால் ஒற்றைக் காசு.

“மாகாளியாத்தாளுக்கு முடிஞ்சு வெச்சனுங்க. இவிகளுக்குப் புடிக்காதுன்னு உறைக்குள்ள சொருகுனேன். மன்னிச்சுப்போடுங்க.”

டாக்டர் முடிச்சின் மேல் நீல விளக்கை அடித்தார். அதுவும் அதே மாதிரி மின்னியது. பெருமூச்சு விட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிஸ்டர் ருக்குமணியைத் திட்ட ஆரம்பித்தார், படுக்கையில எதுவும் வைக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது. எனக்கு உயிர் வந்தது. மஞ்சள்! வீட்டு மஞ்சளைக் கண்டுபிடிக்கத் தெரியாத ஷேடுக்காரன். மூக்கு மட்டும் வேலை செய்திருந்தால் வாசனையிலேயே தெரிந்திருக்கும். சிரிக்கலாம் போல இருந்தது, சிரிக்க வாயும் போனது, போன இடத்தில் நின்றுவிட்டது. முடிச்சு மஞ்சள் என்றால் சரி. ஆனால் அது எப்படி உறைக்கு ஏறியது? காய்ந்த மஞ்சள் துணி ஒட்டிக் கிடந்தால் பொடி உதிரும், தடவினால் போய்விடும், இப்படி நடுவில் அடர்ந்து ஓரத்தில் மங்கிப் பரவாது. பரவ வேண்டுமானால் தண்ணீர் வேண்டும். நான் தொட்டபோது ஈரம் இருந்தது. அந்தத் தண்ணீர் எது?

எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டால் போதும். கஞ்சி குடிக்கலாம், வீட்டுக்குப் போகலாம். கறையை மடிப்புக்குள் தள்ளி விட்டவர்களெல்லாம் இந்த நிம்மதிக்குத்தான் தள்ளினார்களா? ருக்குமணி முடிச்சைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். யார் நீங்க என்று அவளை மறுபடி ஒரு தடவை கேட்க என்னால் முடியாது.

“துணிய ஈரமா வெச்சயா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க. மஞ்சள் நனைச்சு, நல்லா வெயில்ல காய வெச்சுத்தான் முடிஞ்சேன்.”

“டாக்டரம்மா,” என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை. “காஞ்ச மஞ்சள் இப்படிப் பரவாதுங்க. மேல தண்ணி விழுந்திருக்குது. என்ற மூக்குத் தண்ணியான்னு பாத்துருங்க.”

டாக்டர் தலையாட்டினார். கட்டில் ஓரத்தில் மெதுவாக உட்கார வைத்து, தோளைப் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தச் சொன்னார். என் பாதத்துக்குக் கீழே தரை தெரிந்தது. எல்லாரும் என் மூக்கு நுனியையே பார்த்தார்கள். நான் சொட்டுக்காகக் காத்திருந்தேன். அது வரும் வழி எனக்குத் தெரியும், முதலில் ஒரு கூச்சம், பிறகு ஒரு குளிர்ச்சி, பிறகு கனம். கூச்சம் வந்தது. குளிர்ச்சி வரவில்லை. இன்னும் கொஞ்சம் என்றார் டாக்டர். கழுத்து வலித்தது. தரை காய்ந்தே கிடந்தது.

“ஒண்ணும் வரலை. அப்ப இந்த ஈரம் எங்கிருந்து வந்துச்சு?”

ருக்குமணி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அது என்ற கண்ணுத் தண்ணிங்க. காலைல இவிகளத் தள்ளிட்டுப் போயிட்டாங்களா, கட்டல் காலியாக் கெடந்துச்சுங்க. இவிக இல்லாத கட்டலப் பாத்தேன், தாங்கல. தலகாணில மொகத்த வெச்சுக் கொஞ்ச நேரம் அழுதுட்டனுங்க. இவிக முன்னாடி அழுதா ஏன் அழுகறேன்னு தோண்டித் தோண்டிக் கேப்பாருங்க, அதுக்குப் பயந்துக்கிட்டு மொகத்தக் கழுவிப்போட்டேன்.”

டாக்டர் என்னைப் படுக்க வைத்தார். கஞ்சி கொடுக்கலாம் என்றார். சிஸ்டர் உறையைக் கழற்றினார், மாற்றித்தான் ஆக வேண்டும், இந்தக் கறையைப் பார்த்து இன்னொரு தடவை ஏமாறக் கூடாது என்று. நான் அதை ஒரு நிமிஷம் கேட்டு வாங்கி, பச்சைத் திரையை ஒதுக்கச் சொல்லி, வெயிலில் பிடித்துப் பார்த்தேன். சிவப்பு சாய்ந்த மஞ்சள். வீட்டு மஞ்சள், குழந்தைக்குக்கூடத் தெரியும். ருக்குமணி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை. எனக்குள் அந்தப் பழைய புழு நெளிந்தது. ஏன் அழுதாள், யாரும் எதுவும் சொல்லாமல் ஒருத்தி சும்மா அழுவாளா, ஸ்கேன் பற்றி ஏதாவது கேள்விப்பட்டாளா, இப்போது சொல்வதும் எனக்காகச் சொல்வதா. கேட்க வாயெடுத்தேன். கட்டில் காலியாகக் கிடந்தது என்றாள், அவ்வளவுதான் அவள் சொன்னது. அந்த வார்த்தையைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருந்தது.